மாங்கூழ் ஆலைக் கணக்கும் ஐந்து கணினிகளும்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால் மாங்கூழ் ஆலை வாசலில் பெங்களூரா ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அப்படி ஓர் ஆலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடை மேடையில் ஒரு கணினி, தரம் பார்க்கிற இடத்தில் ஒன்று, கணக்கு அறையில் இரண்டு, முதலாளி அறையில் ஒன்று. ஐந்தும் திறப்பது ஒரே டேட்டாபேஸ் கோப்பை. மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் யாரோ எழுதிக் கொடுத்தது. புளி மண்டியோ, கிரானைட் பட்டறையோ, எங்கே இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு வரும் நோய்கள் ஒன்றுதான். அவற்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஆக்சஸ் கோப்பைப் பகிர்வது எப்படிப்பட்டது தெரியுமா? கடைப் பேரேட்டை நடுமேசையில் விரித்துவைத்து, ஐந்து பேரும் தாங்களே பேனா பிடித்து எழுதுவது போன்றது. கோப்பு இருக்கிற கணினி வெறும் அலமாரிதான். தேடுவது, கூட்டுவது, எழுதுவது எல்லாம் அவரவர் கணினியின் வேலை. அது கோப்பை 4 கிலோபைட் பக்கங்களாக வயர் வழியே வாங்கி, திருத்தி, திருப்பி எழுதுகிறது. ஓர் எடைச்சீட்டைச் சேமித்தால் சீட்டு இருக்கும் பக்கமும் மாறும், அதைத் தேட உதவும் இன்டெக்ஸ் பக்கங்களும் மாறும். ஒன்று போய்ச் சேர்ந்து அடுத்தது போவதற்குள் தொடர்பு அறுந்தால் கோப்பில் பாதி புதுசு, பாதி பழசு. கோப்பு 'கரப்ட்' ஆகிவிட்டது என்கிறோமே, பெரும்பாலும் நடப்பது இதுதான். வைரஸைத் திட்டிப் பயனில்லை.

இதிலிருந்து முதல் வேலை தானாகவே தெரிந்துவிடும்: வயர் வழியே போய்வருவதைக் குறைக்க வேண்டும். ஐந்து பேரும் ஒரே கோப்பை முழுசாகத் திறந்தால் தரவு மட்டுமல்ல, திரைப் படிவங்கள், அறிக்கைகள், நிரல் எல்லாமே நெட்வொர்க்கில் ஓடும். அதனால் கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். தரவு அட்டவணைகள் மட்டும் உள்ள 'பேக் எண்ட்' பொதுக் கணினியில் இருக்கட்டும். படிவங்களும் அறிக்கைகளும் உள்ள 'ஃபிரண்ட் எண்ட்' ஒவ்வொரு கணினியின் சி டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும். ஃபிரண்ட் எண்டையும் பொது ஃபோல்டரிலேயே வைத்துவிட்டு மேசைக்கு மேசை ஷார்ட்கட் மட்டும் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிரித்ததில் பாதிப் பலன் போயிற்று.

பிரிப்பதற்கு ஆக்சஸிலேயே வழி இருக்கிறது. எல்லாரையும் வெளியேறச் சொல்லி, கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பகுதியில் 'மூவ் டேட்டா' என்ற இடத்தில் உள்ள 'ஆக்சஸ் டேட்டாபேஸ்' பொத்தானை அழுத்துங்கள். தரவுக் கோப்பை எங்கே வைக்க என்று கேட்கும். பழைய பெயரோடு அடிக்கோடும் பி, இ என்ற இரண்டு எழுத்தும் சேர்த்து ஒரு பெயரை அதுவே சொல்லும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இடத்தைக் காட்டும்போது, ஷேர் ஃபோல்டருக்கு அந்தக் கணினியில் வைத்த எழுத்தை, இசட் டிரைவ் என்று காட்டாதீர்கள். எடை மேடைக் கணினியில் இசட் என்று இருப்பது கணக்கு அறையில் ஒய் என்று இருக்கும், இணைப்பு அறுந்து நிற்கும். இரண்டு பின்சாய்வுக் கோடு, கணினியின் பெயர், இன்னொரு பின்சாய்வுக் கோடு, ஷேர் ஃபோல்டரின் பெயர் என்று முழு முகவரியாகக் கொடுங்கள். அது எல்லாக் கணினிக்கும் ஒன்றுதான். பின்னால் பொதுக் கணினியை மாற்ற நேர்ந்தால் 'லிங்க்டு டேபிள் மேனேஜர்' வழியாகப் புது முகவரி கொடுத்தால் போதும்.

அடுத்தது அனுமதி. பாதுகாப்பு என்று நினைத்து ஷேர் ஃபோல்டருக்கு 'படிக்க மட்டும்' அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். வினையே அதில்தான் இருக்கிறது. முதல் ஆள் கோப்பைத் திறந்ததும் ஆக்சஸ் அதன் பக்கத்திலேயே ஒரு சின்னப் பூட்டுக் கோப்பை உண்டாக்கும். பெயர் அதேதான், கடைசி எழுத்துகள் மட்டும் எல்-ஏ-சி-சி-டி-பி என்று முடியும். 2003 வரைக்குமான பழைய எம்-டி-பி கோப்பாக இருந்தால் எல்-டி-பி. யார் எந்தப் பதிவைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஐந்து கணினிகளும் பேசிக்கொள்வது இந்தக் கோப்பு வழியாகத்தான். கடைசி ஆள் வெளியேறும்போது அது அழிந்துவிட வேண்டும். ஆக, ஃபோல்டரில் புதிதாக உண்டாக்கவும் திருத்தவும் அழிக்கவும் எல்லாருக்கும் அனுமதி வேண்டும். ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பெட்டியில், 'ஷேரிங்'கில் 'சேஞ்ச்', 'செக்யூரிட்டி'யில் 'மாடிஃபை'. இரண்டு இடத்திலும் பாருங்கள், ஒன்றில் விட்டாலும் கதை நடக்காது. பூட்டுக் கோப்பை உண்டாக்க முடியாமல் போனால் முதலில் திறந்தவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மற்ற நால்வருக்கும் கோப்பு திறக்காது.

பூட்டுக் கோப்பை நோட்பேடில் திறந்தால் கணினிப் பெயர்கள் தெரியும். அதை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். வெளியே போனவர் பெயரும் அதில் கிடக்கும். உண்மையில் யார் உள்ளே இருக்கிறார் என்று பார்க்க, பொதுக் கணினியில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்', அதற்குள் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', அதற்குள் 'ஓபன் ஃபைல்ஸ்'. அங்கே இருப்பதுதான் நிஜம்.

இப்போது மின்சாரம். கோடை மழைக்கு முன்னால் காற்று கிளம்பினால் நம் பக்கம் கரண்ட் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. கணினிக்கெல்லாம் யூபிஎஸ் வாங்கியிருப்பார்கள். எல்லாக் கணினியின் வயரும் வந்து சேரும் பெட்டி, அதாவது சுவரில் ஆணியடித்து மாட்டிய நெட்வொர்க் ஸ்விட்சை மட்டும் சாதா பிளக்கில் செருகியிருப்பார்கள். கரண்ட் போன நொடியில் ஐந்து கணினியும் உயிரோடு இருக்கும், நடுவில் இருக்கும் ஸ்விட்ச் செத்துப்போகும். எழுதிக்கொண்டிருந்த பக்கம் பாதியில் நிற்கும். யூபிஎஸ்ஸே இல்லாத அலுவலகமும் இதுவும் கோப்புக்கு ஒன்றுதான். அந்த ஸ்விட்ச் சில வாட் மின்சாரம்தான் இழுக்கும், அதை முதலில் யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

வைஃபை வேண்டவே வேண்டாம். எடை மேடை தூரம், வயர் இழுக்கச் செலவு என்பார்கள். செப்பு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும், அதற்கு மேல் என்றால் நடுவில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள். வைஃபையில் வலைப்பக்கம் பார்க்கும்போது அரை நொடி சிக்னல் போய் வந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆக்சஸ் அந்த அரை நொடியை மன்னிக்காது. 'டிஸ்க் ஆர் நெட்வொர்க் எரர்' என்று ஒரு செய்தி வந்து நிற்கும். இதே காரணத்தால் வீட்டிலிருந்து விபிஎன் வழியாக, அதாவது இன்டர்நெட் மூலம் ஆலை நெட்வொர்க்கில் சேர்ந்து, கோப்பைத் திறப்பதும் ஆகாது. ஆலையில் உள்ள ஒரு கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் பிடித்து வேலை செய்யலாம். அப்போது தரவு ஆலைக்குள்ளேயே இருக்கும், திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் பேக் எண்டை வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அவை கோப்பை ஒவ்வொரு கணினியிலும் ஒரு நகலாக வைத்து ஏற்றி இறக்குகிற வசதிகள். இரண்டு பேர் இரண்டு நகலில் எழுதினால் யாரோ ஒருவரின் வேலை போகும். பிரதி எடுத்து வைக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

பொதுக் கணினி தூங்கக் கூடாது. 'ஸ்லீப்'பை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைக்கலாம் என்றொரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு 2018-இல் வந்த பிறகு, நல்ல கோப்பையே 'இன்கன்சிஸ்டென்ட் ஸ்டேட்', அதாவது சீர்கெட்ட நிலை, என்று காட்டும் தொல்லை பல இடங்களில் வந்தது. ஃபைல் ஷேரிங்கில், கோப்பின் பகுதியை அவரவர் கணினியே தற்காலிகமாக வைத்துக்கொள்ள விடும் 'லீசிங்' என்ற வசதிதான் காரணம். உங்கள் கணினி பார்க்கிற ஆளிடம் சொல்லிப் பொதுக் கணினியில் லீசிங்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது கோப்பு உடையாமல் இருக்க. உடையாத கோப்பிலும் கணக்கு தப்பாகலாம். அது இன்னும் மோசம், ஏனென்றால் எந்த எச்சரிக்கையும் வராது. எடை மேடையில் ஒருவர் புதுச் சீட்டுப் படிவத்தைத் திறக்கிறார். நிரல் கடைசி எண்ணைப் பார்த்து 450, ஆகவே இது 451 என்று போடுகிறது. அவர் வண்டி எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கணக்கு அறையில் இன்னொருவர் புதுச் சீட்டைத் திறக்கிறார். 451 இன்னும் சேமிக்கப்படவில்லை, அதனால் அவருக்கும் 451. இரண்டு விவசாயிகள், ஒரே சீட்டு எண். மருந்து இரண்டு. எண்ணைப் படிவம் திறக்கும்போது போடாமல் சேமிக்கும் கணத்தில் போட வைக்க வேண்டும். சீட்டு எண் புலத்துக்கு 'இன்டெக்ஸ்டு' என்ற இடத்தில் 'நோ டூப்ளிகேட்ஸ்' கொடுக்க வேண்டும். அப்புறம் இரண்டாவது 451-ஐ டேட்டாபேஸே உள்ளே விடாது, நிரல் அடுத்த எண்ணை எடுத்து மறுபடி முயலும்.

இன்னொன்று, ஒரே சீட்டை இருவர் திருத்துவது. எடை மேடையில் காலி வண்டி எடையைப் போடுகிறார்கள், தரம் பார்ப்பவர் கழிவு எடையைப் போடுகிறார். பூட்டு இல்லாத அமைப்பில் இரண்டாவது சேமிப்பவருக்கு 'ரைட் கான்ஃப்ளிக்ட்' என்று ஒரு பெட்டி வரும். அதில் 'சேவ் ரெக்கார்ட்' என்றால் முன்னவர் போட்டது போய்விடும். அவசரத்தில் எல்லாரும் அதைத்தான் அழுத்துவார்கள். ஆப்ஷன்ஸில் 'கிளையன்ட் செட்டிங்ஸ்' போய் 'எடிட்டட் ரெக்கார்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே பதிவு மட்டத்தில் பூட்டும் டிக்கும் இருக்கட்டும். ஏற்கனவே செய்த படிவங்களில் 'ரெக்கார்ட் லாக்ஸ்' பண்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒருவர் திருத்தும்போது மற்றவருக்குத் தடைக் குறி தெரியும். திருத்தத் தொடங்கிவிட்டு டீ குடிக்கப் போனால் மற்றவர் காத்துக்கிடக்க வேண்டும், அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

பிரதி எடுப்பதில் ஒரே விதி: பூட்டுக் கோப்பு இருந்தால் எடுக்காதீர்கள். யாரோ எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் திறந்தாலும் திறக்கும், உள்ளே கோளாறாகவும் இருக்கும். இரவு எல்லாரும் போன பின் கோப்புப் பெயரில் தேதி சேர்த்து நகலெடுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். ஏழு நாள் நகல் இருக்கட்டும், ஒன்று ஆலைக்கு வெளியே இருக்கட்டும். நகல் எடுத்த பிறகு 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டலாம், சீசனில் வாரம் ஒரு முறை போதும். அழித்த பதிவுகளின் இடம் கோப்பிலேயே தங்குவதால் அது ஊதிக்கொண்டே போகும். ஆக்சஸ் கோப்பின் உச்ச வரம்பு 2 ஜிபி.

ஒரே நேரத்தில் 255 பேர் வரை திறக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. நம்பாதீர்கள். விண்டோஸ் 10, 11 கணினியைப் பொதுக் கணினியாக வைத்தால் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது. என்னைக் கேட்டால், 10 பேர் விடாமல் எழுதும் நிலை வந்தாலே பேரேட்டை மேசையிலிருந்து எடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் எல்லாம் அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளைகள், மூன்றும் இலவசம். நீங்கள் சீட்டு நீட்டுவீர்கள், எழுதுவது அவர் மட்டும். நடுவில் வயர் அறுந்தால் பாதிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். படிவங்களை ஆக்சஸிலேயே வைத்துக்கொண்டு தரவை மட்டும் அங்கே மாற்றலாம் என்பதால், முன்னமே பிரித்து வைத்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு காலையில் கோப்பு திறக்கவில்லை என்றால், திரும்பத் திரும்ப முயலாதீர்கள். எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள். கெட்ட கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்து, சி டிரைவில் வைத்து, அந்த நகலில் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓட்டுங்கள். சரியாகவில்லையா, வெற்று டேட்டாபேஸ் ஒன்றை உண்டாக்கி அட்டவணைகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்குமதி செய்யுங்கள். கெட்டது ஒன்றிரண்டு அட்டவணையாகத்தான் இருக்கும். சரி செய்த பிறகு சீட்டு எண்களின் வரிசையையும் அன்றைய மொத்த எடையையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள், ரிப்பேர் செய்யும்போது சில பதிவுகள் சத்தமில்லாமல் விழுந்துவிடுவது உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் நேற்றிரவு நகலை வைத்து, விட்டுப்போன சீட்டுகளைக் கையால் ஏற்ற வேண்டியதுதான். அதனால் எடைச்சீட்டின் அடிக்கட்டைகளைச் சீசன் முடிகிறவரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வணக்கம்.