மலைக்காற்று டிபியைக் குணமாக்குமா? 20 மாத வைத்தியம் 6 மாதமானது எப்படி?

வணக்கம். "டிபி வந்தால் மலைக்குப் போ, நல்ல காற்று பட்டாலே சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியென்றால் நீலகிரி மலையிலேயே பிறந்து வளர்ந்த கோத்தகிரிக்காரருக்கும் பந்தலூர்க்காரருக்கும் டிபி ஏன் வருகிறது? அதிலும் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத டிபி?

அடிப்படையைச் சட்டென்று பார்த்துவிடுவோம். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டும் டிபிக்கு முக்கியமான மருந்துகள். இரண்டுக்குமே சாகாத கிருமி என்றால் அது எம்.டி.ஆர். டிபி. மருந்தைப் பாதியில் விட்டாலும் வரும். அந்தக் கிருமி உள்ளவர் இருமும்போது நேரடியாகவும் தொற்றும். அதனால் "ஒழுங்காக மாத்திரை போட்டிருக்க மாட்டான்" என்று தயவுசெய்து யாரையும் பழிக்காதீர்கள்.

சரி, காற்று விஷயத்துக்கு வருவோம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில், அதாவது டிபி நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரியில், படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவு நெரிசலான தெருவில், சொந்த வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளியானது: குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை! வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. குணமாக்கியது மருந்துதான். உலகம் சானடோரியங்களைக் கைவிட்டதில் நம்ம சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளியே அருமையான காற்று. உள்ளே குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஐந்து பேர். கிருமி மணிக்கணக்கில் மிதப்பது அந்த அறையில்தான்.

இப்போது நல்ல செய்தி. முன்பு எம்.டி.ஆர். சிகிச்சை 18, 20 மாதம் இழுக்கும். அதில் பல மாதம் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் நிறையப் பேர். 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் பிபால்எம் என்ற புதிய சிகிச்சையை தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் சேர்க்க ஒப்புதல் கொடுத்தது. பெடாகுயிலின், பிரிடோமனிட், லினசோலிட், மாக்ஸிஃபிளாக்சசின். நான்கும் மாத்திரை, ஊசியே இல்லை, 6 மாதம். வெளிநாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் பழைய முறையில் 100-க்கு 52 பேருக்குப் பலன் கிடைத்தது. இதில் 89 பேருக்கு. கர்ப்பிணிகளுக்கும் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் வேறு மருந்து பார்ப்பார்கள்.

ஆனால் லினசோலிட் சிலருக்குக் கால் மரத்துப்போகச் செய்யும், ரத்தத்தைக் குறைக்கும், பார்வையையும் பாதிக்கலாம். பெடாகுயிலினுக்கு ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் எரிந்தால் உடனே சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இங்கேதான் எனக்கு ஆதங்கம். கொழுந்து பறித்து நாள் கூலி வாங்கும் அக்கா ஒரு ஈ.சி.ஜி.க்காக பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. 2024 நவம்பருக்கு முன் அது 500-தான். அது மட்டும் போதாது. இந்தப் பரிசோதனைகள் எஸ்டேட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

முடியாத காரியம் இல்லை. ட்ரூநாட் என்ற சளிப் பரிசோதனைக் கருவி கோவாவைச் சேர்ந்த நிறுவனம் உருவாக்கியது, பேட்டரியிலும் ஓடும். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனாலும், ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். டிபி என்று சொன்னால், "ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று பார்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666, இலவச அழைப்பு. உங்கள் ஊரில் ஈ.சி.ஜி. எடுக்க எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது? கமெண்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.