ஊருக்கு அஞ்சு ஜாமீன்தார் வேணும்

போன ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டத்துல பேசினதை எழுதித் தரச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. பேசின மாதிரியே போடுறேன்.

மேடையில இருக்குற தலைவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காம மண்டபத்தைக் குடுத்த வர்த்தகர் சங்கப் பொருளாளர் அண்ணாச்சி அவர்களே, ஞாயித்துக்கிழமையும் கேஸ் குடுத்த கட்சிக்காரங்க வந்து நிப்பாங்கன்னு தெரிஞ்சும் எங்களுக்காக வந்திருக்குற வக்கீல் அக்கா அவர்களே, பாதி ஊருக்குக் கணக்கு சொல்லிக்குடுத்த எங்க சார் அவர்களே (அவர் உக்காந்திருக்கும்போது நான் நின்னு பேசுறது இன்னைக்கும் கூச்சமாத்தான் இருக்கு), கைக்குழந்தையோட வந்திருக்குற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டுப்போயிருந்தா மன்னிச்சுக்கணும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது. எங்க ஆச்சி எதுக்கெடுத்தாலும் இதைத்தான் சொல்லும், ரேஷன் கடையில எடை குறைஞ்சாலும் இதேதான். நம்ம ஜெயில்ல யார் யார் இருக்காங்கன்னு பார்க்கும்போது எனக்கு ஆச்சிதான் ஞாபகம் வருது. இன்னைக்கு மூணு விஷயம் பேசுறேன்: சாதி, பெண் கைதிகள், ஜாமீன். ஜாமீன்னு நான் சொல்றது, பெயில்ல வர்றவனுக்கு நான் பொறுப்புன்னு இன்னொருத்தர் கோர்ட்ல கையெழுத்துப் போடுறது.

2022 கடைசியில தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எடுத்த கணக்குல நாட்டுச் சிறைகள்ல இருந்தவங்க 5,73,220 பேர். அதுல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க. அதாவது நாலு பேர்ல மூணு பேருக்கு இன்னும் தீர்ப்பே வரல, குத்தம் பண்ணாங்களா இல்லையான்னு எந்த ஜட்ஜும் சொல்லல, ஆனா உள்ள இருக்காங்க. யாருன்னு பாருங்க. 2011 சென்சஸ்ல தலித் மக்கள் 16.6 சதவீதம், விசாரணைக் கைதிகள்ல அஞ்சுல ஒருத்தர். முஸ்லிம்கள் 14.2 சதவீதம், அங்கயும் கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர். விசாரணைக் கைதிகள்ல நாலுல ஒருத்தருக்கு எழுதப்படிக்கத் தெரியாது.

இது நேத்து வந்த வியாதி இல்ல. 1871ல வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து, சில சாதி மக்களைப் பொறக்கும்போதே குற்றவாளின்னு எழுதி வச்சான். அந்தச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மாட்டோம்னு எதிர்த்து நின்ன உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3 அன்னைக்கு 16 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. சட்டம் 1952ல போயிடுச்சு, அந்தப் பார்வை போகல. 2024 அக்டோபர் 3ல சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்துச்சு, ஜெயில்ல சாதி பார்த்து வேலை பிரிக்காதீங்க, ரிஜிஸ்டர்ல சாதிக் கட்டத்தை எடுங்கன்னு. பாளையங்கோட்டையில சாதிவாரியா பிரிச்சு அடைச்ச விஷயமும் அந்த வழக்குல வந்துச்சு.

இப்ப நான் நேர்ல பார்த்ததைச் சொல்றேன். எங்க தெருப் பையன், கல் குவாரியில லாரிக்கு லோடு ஏத்துறவன், காப்பர் ஒயர் திருடினான்னு கேஸ். பன்னெண்டாம் நாள் பெயில் கிடைச்சிடுச்சு. அவங்க அம்மா வீடு வீடா மிட்டாய் குடுத்துச்சு, சாயங்காலம் வந்துருவான்னு கோழி அடிச்சுக் குழம்பு வச்சுச்சு. வரல. ஆர்டர்ல ரெண்டு பேர் ஜாமீன், தலா பத்தாயிரம், ஒருத்தர் ரத்த சம்பந்தம்னு போட்டிருந்துச்சு. மாமா வந்தார், வேற மாவட்டம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சித்தப்பா வந்தார், சொத்துக்கு ஆதாரமா கையில வீட்டு வரி ரசீது, பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வச்சிருந்தார். வாங்கிப் பார்த்தா ரசீதுல பேர் சித்தப்பாவோட அப்பா பேரு, அவர் செத்து ஒம்பது வருஷம். பேர் மாத்திட்டு வான்னாங்க. வாரிசு சான்றுக்கு அலைஞ்சார், கூலியை விட்டுட்டு அலைஞ்சார், ஒரு நாள் ஆபீசர் லீவு, ஒரு நாள் சர்வர் வேலை செய்யல, இப்படியே நாள் போச்சு. பையன் வெளிய வந்தது அம்பத்தெட்டாம் நாள். வந்தவன் முதல்ல கேட்டது என்ன தெரியுமா, "சித்தப்பா, எத்தன நாள் வேல போச்சு உனக்கு?" ஏழை சொல் மட்டும் இல்லைங்க, ஏழை ரசீதும் அம்பலம் ஏறாது.

இதே கதை 1978லயே சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. மத்தியப் பிரதேசத்துல மோதிராம்னு ஒரு கொத்தனார். பெயில் குடுத்தும் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்டாங்க, தம்பி முன்வந்தா உன் சொத்து வேற மாவட்டம்னாங்க. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அதைத் தள்ளிட்டு, ஆயிரம் ரூபாய்க்கு அவனோட சொந்தப் பிணையே போதும், வேற ஆள் வேண்டாம்னு விட்டார். ஒரு தமிழனையோ மலையாளியையோ டெல்லி சாந்தினி சவுக்ல பிடிச்சா உள்ளூர் ஜாமீனுக்கு அவன் எங்க போவான்னு தீர்ப்புலயே கேட்டார். 2023 ஜனவரி 31ல மறுபடியும் சொல்லியிருக்காங்க: பெயில் கிடைச்சு ஒரு வாரத்துல வெளிய வரலைன்னா சிறைக் கண்காணிப்பாளர் இலவச சட்ட உதவி குடுக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்லணும், ஒரு மாசம் ஆனா கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாமான்னு பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன்னு பிடிவாதம் வேண்டாம்னு. அதே வருஷம் ஏழைக் கைதிகளுக்குன்னு மத்திய அரசு திட்டம் வந்துச்சு, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபா வரைக்கும் உதவின்னு அப்ப வச்சிருந்தாங்க. இதெல்லாம் அந்தச் சித்தப்பாவுக்கு யார் சொன்னா? எனக்கே அப்ப தெரியாது, வக்கீல் அக்காதான் பின்னாடி சொன்னாங்க.

பெண் கைதிகள் பத்திப் பேச நிறைய இருக்கு, உள்ளயே தாயோட வளர்ற பிள்ளைங்க பத்தியும் இருக்கு, ஆனா நேரமாச்சுன்னு தலைவர் சீட்டு அனுப்பிட்டார். அதனால கேக்க வந்ததைக் கேட்டுடுறேன். ஊருக்கு அஞ்சு ஜாமீன்தார் வேணும். காசு வாங்கிட்டு ஜாமீன் போடுற ஆளுங்களைச் சொல்லல, நம்ம தெருப் பிள்ளையை நமக்குத் தெரியும்னு கோர்ட்ல வந்து நிக்கிற அஞ்சு பேர். ஓடிட்டா என்ன பண்றதுன்னு பயப்படுவீங்க, நியாயம்தான், அதனாலதான் தெரிஞ்ச பிள்ளைக்கு மட்டும்னு சொல்றேன். அம்பலத்துல ஏழை சொல் ஏறலைன்னா கூட ஏற நாலு பேராவது வேணும்ல.

ஜாமீனுக்கு வர்றவங்க பேர் எழுத வாசல்ல மேசை மேல நோட்டு இருக்கு. வீட்டு வரி ரசீது உங்க பேர்லதான் இருக்கான்னு இன்னைக்கு ராத்திரியே எடுத்துப் பாருங்க, அப்பா பேர்ல இருந்தா நாளைக்கே மாத்த எழுதிக் குடுங்க. செவ்வாக்கிழமை காலையில பத்தரை மணிக்குக் கோர்ட்ல மேலத்தெருப் பையன் ஒருத்தனுக்கு ரெண்டு பேர் வேணும். நான் ஒருத்தன் இருக்கேன்.