பதினோரு பேர் கணக்கு

(தாராவியில் எங்கள் நற்பணி மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தலைவர் மணி அடித்த இடங்களை மட்டும் குறிக்கவில்லை.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் காலி நாற்காலியாக வீற்றிருக்கும், இதோ வந்துகொண்டே இருக்கிற சிறப்பு விருந்தினர் அவர்களே, நம் பகுதியின் முன்னாள் நகரசேவகர் அவர்களே! முன்னாள் என்று சொன்னதில் அண்ணனுக்கு வருத்தம் வேண்டாம். மும்பை மாநகராட்சி உறுப்பினர்கள் அத்தனை பேரின் பதவிக்காலமும் 2022 மார்ச்சில் முடிந்தது. அப்புறம் பல வருஷம் நிர்வாகிதான் நகரத்தை ஓட்டினார். அந்த நாட்களிலும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாங்கள் கதவைத் தட்டியது உங்கள் வீட்டைத்தான். மகளிர் அணித் தலைவி அவர்களே, பொன்னாடைக்கு உபயம் செய்த ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன். போன வருஷம் அப்படி இரண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள்.

‘நோய்க் காலத்தில் நகராட்சியும் நாமும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு விஷயம் பேச எண்ணம்: கழிப்பறை, தண்ணீர், அரிசி, மொழி. பதினைந்து நிமிஷம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனிதர், இருபது கொடுப்பார்.

என் அம்மா அடிக்கடி ஒன்று சொல்வாள்: ‘அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது.’ சொம்பில் நுழையாது என்றால் நியாயம். அண்டாவில் நுழையாதா? நுழையாது. 2020 ஏப்ரலில் அதைக் கண்ணால் பார்த்தோம். ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. அந்த மனிதர் அன்றே இறந்துபோனார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான இடம். ஆறரை லட்சம் பேர் என்பார்கள், எட்டரை லட்சம் என்பார்கள், பத்து லட்சம் என்றும் சொல்வார்கள். யார் எண்ணினார் என்பதைப் பொறுத்தது. இந்த எண்ணுகிற விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கழிப்பறை. இங்கே நூற்றுக்கு எண்பது பேர் பொதுக் கழிப்பறையைத்தான் நம்பியிருக்கிறோம். வீட்டிலேயே இரு என்கிறது அரசாங்கம். இருக்கிறோம். காலை ஐந்து மணிக்கு என்ன செய்வது? எங்கள் சந்துப் பெண்கள் கையில் ஒரு துண்டு செய்தித்தாளோடு போவார்கள். தாழ்ப்பாளை அந்தத் தாளால் பிடித்துத் திறந்து, அதாலேயே மூடி, வெளியே வந்ததும் கசக்கிப் போட்டுவிட்டு வருவார்கள். ஒரே தாழ்ப்பாள், ஒரு நாளைக்கு எத்தனை கை! நகராட்சி ஆட்கள் மருந்து அடித்தார்கள், அதை மறக்கக் கூடாது. வார்டு அலுவலகத்தைத் திட்டுவது நமக்குப் பரம்பரைப் பழக்கம். ஆனால் அந்த வருஷம் தாராவி அடங்கிய ஜி வடக்கு வார்டு ஆட்கள் தூங்கவில்லை. அன்றைய உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் முதல், சாக்கடை அள்ளிய தொழிலாளி வரை. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் வீடு வீடாகத் தேடிப் போனார்கள். நம் சந்துகளில் கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களும் கூடவே நடந்தார்கள். ஏப்ரலில் அந்த டாக்டர்கள் பரிசோதித்தவர்கள் மட்டும் 47,500 பேர். ராஜீவ் காந்தி விளையாட்டு அரங்கத்தில் கட்டில் போட்டார்கள், மாநகராட்சிப் பள்ளியில் போட்டார்கள். ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25ஆம் தேதி, ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக, புதிய தொற்று ஒன்றுகூட இல்லை.

இப்போது ஆச்சி கதைக்கு வருகிறேன். சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் கேளுங்கள், இந்தத் தடவை முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் சந்தில் ஓர் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், ஆச்சி, மகன், மருமகள், பேத்தி என்று நான்கு பேர். ஒருநாள் காலை கணக்கெடுப்புக் குழு ஒன்று வந்தது. யார் அனுப்பிய குழு என்பது இங்கே முக்கியமில்லை. தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, கண்ணாடி, நெற்றிக்கு நேராக நீட்டுகிற காய்ச்சல் துப்பாக்கி. ‘கர் மே கித்னே லோக்?’ என்றார்கள், வீட்டில் எத்தனை பேர் என்று. ஐம்பது வருஷமாக மும்பையில் இருக்கிற ஆச்சிக்கு இந்தியில் காய்கறி வாங்கத் தெரியும், சண்டை போடத் தெரியும். இந்தக் கேள்வியும் நன்றாகவே புரிந்தது. ஏனென்றால் இதே கேள்வியை எத்தனையோ பேர், எத்தனையோ நோட்டோடு வந்து கேட்டிருக்கிறார்கள். குடிசைக் கணக்கெடுப்பு! புனரமைப்பு! வீடு கொடுக்கப்போகிறார்கள்!

ஆச்சி உள்ளே போய்த் தகரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸ் என்கிற அடையாள அட்டை, பழைய ரேஷன் கார்டு, ரப்பர் பேண்ட் போட்ட கரண்ட் பில் கட்டு, எல்லாம் வாசலில் பரப்பினாள். தலைகளை எண்ணிச் சொன்னாள்: பதினோரு பேர்! இருக்கிற நான்கு பேர். ஊரில் இருக்கும் பெரிய மகன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டு. கல்யாணில் கட்டிக்கொடுத்த மகளும் மருமகனும். மொத்தம் பத்து. பதினொன்றாவது யார் என்று பிறகு சொல்கிறேன். அங்கி போட்டவர் ஒரு பெயர் விடாமல் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்று. சுற்றியிருந்தவர்களைத் தனிமை முகாமுக்குக் கூட்டிப்போக பஸ் வந்தது. பட்டியலில் பதினோரு பேர், வாசலில் நான்கு பேர். மீதி ஏழு பேர் எங்கே? ‘காவ் மே’ என்றாள் ஆச்சி, ஊரில் இருக்கிறார்கள் என்று. ஐயோ! ஊரடங்கில் ஏழு பேர் தப்பித்து ஊருக்கு ஓடிவிட்டார்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். போலீஸ் வந்தது. பரணில் ஏறிப் பார்த்தார்கள். டிரம்மைத் திறந்து பார்த்தார்கள். சந்தின் இரண்டு முனையிலும் மூங்கிலைக் கட்டினார்கள். ஆச்சி பேசப் பேச எண்ணிக்கை சிக்கலானதே தவிர, குறையவில்லை. அவளுக்குப் பயம். இப்போது பெயரை வெட்டினால் வீடு போய்விடுமே!

அப்புறம்தான் அந்த டீச்சர் வந்தார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. சர்வே வேலைக்குப் போட்டிருந்தார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்காமலே, தூரத்தில் நின்றபடி, ‘ஆச்சி, இது வீட்டுக் கணக்கு இல்ல, காய்ச்சல் கணக்கு. ராத்திரி இந்த வீட்டுல படுத்துத் தூங்குனது எத்தனை பேரு, அதை மட்டும் சொல்லுங்க’ என்றார்.

‘நாலு பேருதான் தாயி.’

‘அப்ப இதுல முதல் பேரு போட்டிருக்கே, இவரு?’

‘அவுக போயிப் பன்னிரண்டு வருசம் ஆச்சு.’

‘போனவரையா ஆச்சி சேத்தீங்க?’

‘அவுக பேர்லதானே இன்னும் கரண்டு பில்லு வருது!’

(கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. முன்னாள் நகரசேவகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.)

அதோடு முடியவில்லை. முகாமில் பட்டியல்படி பதினோரு சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. ‘வந்த சோத்தைத் திருப்பி அனுப்பாதீங்கய்யா’ என்று ஆச்சி வாங்கி, பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். தாத்தா பங்கு ஒரு பீகார்ப் பையனுக்குப் போனது.

சிரித்தீர்கள், சரி. ஆச்சி பொய் சொன்னாளா? அவள் வாழ்ந்த வாழ்க்கையில் கணக்கெடுப்பு என்றால் அதுதான். 1896 செப்டம்பரில் இதே பம்பாயில், மாண்ட்வியில், பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதும் வீடு புகுந்து தேடினார்கள், ஜனங்கள் நோயாளியை ஒளித்தார்கள். 1898 மார்ச்சில் அது கலவரத்தில் போய் முடிந்தது. பிளேக் தடுப்பூசி கண்டுபிடித்த விஞ்ஞானி ஹாஃப்கின் அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தது அதற்கு முந்தின வருஷம், 1897 ஜனவரியில். மருந்து வந்த பிறகும் பயம் போகவில்லை. எங்கள் சந்தில் காய்ச்சல் துப்பாக்கி இருந்தது, பஸ் இருந்தது, கட்டில் இருந்தது, சோறுகூட ஏழு பேருக்கு அதிகமாகவே இருந்தது. அண்டா நிறைய இருந்தது, கை நுழையவில்லை. ஒரு டீச்சர் ‘ஆச்சி’ என்று கூப்பிட்ட பிறகுதான் நுழைந்தது.

அந்த டீச்சர் எங்கிருந்து வந்தார்? இந்த மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு, தமிழ். வேறு எந்த ஊர் நகராட்சி இப்படிச் செய்யும்? பெருமைப்படுகிறேன். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று தமிழ் வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அடுத்தது பூட்டு. பிள்ளை குறைந்தது யாரால்? நம்மால். என் பேரன் இங்கிலீஷ் மீடியத்தில்தான் படிக்கிறான். தெரியும், முன் வரிசையில் சிரிக்க வேண்டாம். என் மருமகளிடம் நான் தோற்ற கதை தனிச் சொற்பொழிவு.

ஆனாலும் சொல்கிறேன். கட்டில் போடக் கட்டடம் வேண்டியிருந்தபோது திறந்தது பள்ளிக்கூடம்தான். ஆச்சியிடம் பேச ஆள் வேண்டியிருந்தபோது வந்தது அந்த ஆசிரியைதான். அடுத்த நோய் வரும்போது தமிழ் தெரிந்த டீச்சரை எங்கே போய்த் தேடுவார்கள்? வேலைக்கு விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, அதற்குள் பஸ் வந்து நிற்கும். அவசரத்துக்கு அண்டாவிலும்… நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அரிசி பெரிய விஷயம். கோயில் அண்டாவை இரவல் வாங்கி நம் பிள்ளைகள் புளியோதரை கிண்டியதையும், அந்த அண்டாவைத் திருப்பிக் கொடுத்தபோது அடி நசுங்கியிருந்ததால் வந்த பஞ்சாயத்தையும் அடுத்த வருஷம் சொல்கிறேன். தர்மகர்த்தா இங்கே உட்கார்ந்திருக்கிறார், அதுவும் ஒரு காரணம்.

வாசல் பக்கம் மேசையில் மனு இருக்கிறது. இரண்டே கோரிக்கை. ஒன்று, அந்தத் தமிழ் வகுப்புகளை மூடக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் எந்த மொழிக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பெயரும் கோலி எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் மட்டும் போட்டால் போதும். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது, யாரும் இழுக்க வேண்டாம். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் போலிருக்கிறது, வாசலில் பட்டாசுச் சத்தம் கேட்கிறது. வணக்கம்.