பெண் எலிக்கும் கூண்டில் இடம் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய விலங்கியல் துறைத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்திருக்கும் மகப்பேறு மருத்துவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த மாணவர் மன்றத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்பால் ஹார்மோன் மூளையின் மரபணுக்களை எப்படி இயக்குகிறது, அதை எப்படி அளப்பது, மாதவிடாய் நின்றபின் என்ன ஆகிறது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே பானையே இரண்டு, ஆண் ஒன்று, பெண் ஒன்று! ஒரே பாலினத்தை வைத்துச் செய்த நரம்பியல் ஆய்வுகளில் பெண் விலங்குக்கு ஒன்று என்றால் ஆணுக்கு 5.5 என்று ஆய்வாளர்கள் பீரியும் சக்கரும் 2011-இல் கணக்குக் காட்டினார்கள்.

ஈஸ்ட்ரோஜன் நொதிகளோடு வினைபுரிந்தே வேலை செய்கிறது என்று 1950-களில் பலரும் நம்பினார்கள். சிகாகோவில் ஆய்வாளர் எல்வுட் ஜென்சன், ட்ரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த எஸ்ட்ராடையோல் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பருவமெய்தாத பெண் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கருப்பை அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஹார்மோனோ துளியும் உருமாறவில்லை. அப்படியானால் அதைப் பற்றிக்கொள்ள அங்கே ஓர் ஏற்பி இருக்க வேண்டும். இதை 1958-இல் வியன்னா மாநாட்டில் சொல்லப் போனார். அரங்கில் ஐந்தே பேர். அதிலும் மூன்று பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்த பேச்சாளர்கள்! பக்கத்து அரங்கில், பழைய கொள்கையைக் கேட்க ஆயிரம் பேருக்கு மேல். இன்று ஜென்சனைவிட எனக்குக் கூட்டம் அதிகம், கண்டுபிடிப்புதான் இல்லை.

அந்த ஏற்பி மூளையிலும் உண்டு. ஹார்மோன் சேர்ந்ததும் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, டிஎன்ஏ-வில் 13 எழுத்து நீளமுள்ள ஓர் இடத்தில் அமர்கின்றன. துணைப் புரதங்கள் வந்து, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அசிட்டைல் என்ற வேதித்தொகுதியை ஏற்ற, சுருள் தளர்ந்து மரபணு படியெடுக்கப்படுகிறது. மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதியில், புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனுக்கான ஏற்பியின் மரபணு இப்படித்தான் விழிக்கிறது. செல் சவ்வு வழியாக நடக்கும் விரைவு வழியும் ஒன்று உண்டு. அது தனிக் கதை.

அளவீட்டுக்கு வருவோம். பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சி நான்கைந்து நாள். தினமும் ஒரே நேரத்தில் உப்புக்கரைசல் விட்டு யோனிச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். சுழற்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். உட்கரு உள்ள உருண்டைச் செல்கள் என்றால் புரோஈஸ்ட்ரஸ் கட்டம். உட்கருவற்ற செதில்கள் ஈஸ்ட்ரஸ். வெள்ளணுக்கள் மிகுந்தால் டைஈஸ்ட்ரஸ். துளிக்குழாயை ஆழமாக விடாதீர்கள். கருப்பைவாய் தூண்டப்பட்டால் எலி பொய்க்கர்ப்ப நிலைக்குப் போய்ச் சுழற்சியே நின்றுவிடும். சோயா கலந்த தீவனத்தில் தாவர ஈஸ்ட்ரோஜன் உண்டு. செல் வளர்ப்பு ஊடகத்தின் பீனால் ரெட் சாயத்தோடு வரும் மாசும் ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும். சாயமில்லாத ஊடகமும் ஹார்மோன்கள் நீங்கக் கரித்தூளால் வடித்த சீரமும் (இரத்த நிணநீரும்) இல்லையென்றால் ஒப்பீட்டுக் குழுவே கெட்டுவிடும்.

ஒரு சோறு பதம் பெண் எலிக்குள்ளேயும் செல்லாது. நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், சிஏ1 என்னும் பிரிவின் நியூரான் கிளைகளில் இணைப்புகளைத் தாங்கும் நுண் முட்களின் அடர்த்தி, புரோஈஸ்ட்ரஸிலிருந்து ஈஸ்ட்ரஸுக்குள் 24 மணி நேரத்தில் சுமார் 30 விழுக்காடு குறைவதை 1990-இல் ஆய்வாளர்கள் வூலியும் மெக்யூவெனும் காட்டினார்கள். உடனே, "அதனால்தான் பெண் எலி வேண்டாம் என்கிறோம்" என்பீர்கள். பெண் சுண்டெலித் தரவுகளின் சிதறல் ஆணை மிஞ்சவில்லை என்று 2014-இலேயே ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு சொல்லிவிட்டது. கூண்டுச் சண்டையில் ஆண் எலிகளின் ஹார்மோன் ஆடாதா என்ன!

மூன்றாவது செய்தியைத் தொடுமுன் தலைவர் மணியைப் பார்க்கிறார். முதல்வர் அவர்களுக்கு ஒரே விண்ணப்பம்: ஆய்வுத்திட்டப் படிவத்தில் விலங்கின் பால், சுழற்சி நிலை, தீவனம் ஆகியவற்றுக்கு மூன்று கட்டங்கள் சேருங்கள். மாதிரிப் படிவம் மேசைமேல் இருக்கிறது. நன்றி, வணக்கம்.