கொடிவழியும் கொடிக்கயிறும்

வணக்கம்.

பூர்வீகம் தேடிப் போன கதையை ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுங்கன்னு நிலையத்துல கூப்பிட்டதும் உடனே சரின்னுட்டேன், வீட்டுக்குப் போய் அம்மாச்சிகிட்ட சொன்னப்பதான் சிக்கல், அவங்க ஒரு கண்டிஷன் போட்டாங்க. ஊர் பேரு, மொழி பேரு, ஆளுங்க பேரு எதுவும் ரேடியோல வரக்கூடாதாம். ஏன் அம்மாச்சின்னேன். "பேரைச் சொன்னா கேக்குறவன் ஓ அவங்களான்னு அங்கேயே முடிச்சிடுவான்டி, மிச்சத்தை யாரு கேப்பா?" 84 வயசு அவங்களுக்கு, மறுத்துப் பேச முடியல. அதனால பேர் இல்லாமத்தான் சொல்லப் போறேன், நீங்களே உங்க வீட்டுப் பேரைப் போட்டுக்கோங்க.

இது ஆரம்பிச்சது துணி காயப்போடுற இடத்துல. எங்க வீட்ல துணி எடுத்து மடிக்கிறது அம்மாச்சி வேலை, யாரையும் விடமாட்டாங்க. கொடியில இருந்து ஒவ்வொண்ணா உருவி தோள்ல போட்டுக்கிட்டே எண்ணுவாங்க, காயப்போட்டப்ப எத்தனையோ எடுக்கும்போதும் அத்தனை வரணும், ஒண்ணு குறைஞ்சாலும் அன்னிக்கு வீட்ல யாருக்கும் நிம்மதி இருக்காது. அந்த எண்ணிக்கை மட்டும் தமிழ்ல இருக்காது. உதடு அசையும், சத்தம் மெதுவா வரும், வேற ஏதோ ஒரு மொழி. பொறந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்ததால எனக்கு அது வித்தியாசமாவே படல, துணி எண்ணுறதுக்குன்னே தனியா ஒரு பாஷை இருக்கும் போலன்னு விட்டுட்டேன். என் பொண்ணுக்கு ஆறு வயசு, அவதான் ஒருநாள் "பெரிய பாட்டி ஏம்மா வேற மாதிரி எண்ணுறாங்க"ன்னு கேட்டா. நாப்பது வருஷமா எனக்குத் தோணாத கேள்வி.

எத்தனை மொழி பேசினாலும் மனசுக்குள்ள கணக்குப் போடுறது பெரும்பாலும் முதல்ல எண்ணக் கத்துக்கிட்ட மொழியிலதான் ஓடும், ரெண்டு மூணு மொழி தெரிஞ்சவங்களைக் கேட்டுப் பாருங்க, ஒத்துக்குவாங்க. அப்ப அம்மாச்சிக்கு முதல் மொழி தமிழ் இல்லையா? அம்மா வழியில ஏதோ கலப்பு இருக்குன்னு சொந்தக்காரங்க மத்தியில ஒரு முணுமுணுப்பு எப்பவும் உண்டு, எங்க சித்தப்பா அதை கொஞ்சம் சத்தமாவே சொல்வாரு, கூடவே "எங்க பக்கத்துல ஏழு தலைமுறைக்கு ஒரு சொட்டு கலப்பு கிடையாது"ன்னும் சேர்த்துக்குவாரு.

அப்பா பக்கத்துக்கும் ஒரு அடையாளம் அதே இடத்துலதான் தொங்குது. கொடிக்கயிறு கட்டுற முடிச்சு. கம்பியில ரெண்டு சுத்து, நுனியை மடிச்சு உள்ள விட்டு இழுத்தா ஈரத்துணி எவ்வளவு கனமா இருந்தாலும் நழுவாது, ஆனா அதே நுனியைப் பிடிச்சு ஒரு இழுப்பு, மொத்தமும் அவிழ்ந்துடும். அப்பாவுக்கு அவரோட அப்பா சொல்லிக் குடுத்தது, அண்ணனுக்கு அப்பா சொல்லிக் குடுத்தாரு. எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல (இது ஒரு தனி வழக்கு, இன்னிக்கு வேணாம்). தமிழ்ல வம்சாவளியை கொடிவழின்னு சொல்றது உண்டு, ராஜா பரம்பரையைப் பத்தி எழுதுறவங்க புத்தகத்துல பாத்திருப்பீங்க. துணி காயுறதும் கொடி, தொப்புள்ல இருந்து அறுக்குறதும் கொடி. எனக்கு இந்த மூணு கொடியும் ஒண்ணா சிக்கிக்கிச்சு.

சரின்னு டிஎன்ஏ டெஸ்ட் கிட் வாங்கினேன். எச்சில் துப்பி அனுப்புற சமாச்சாரம், அரை மணி நேரம் முன்னாடியில இருந்து எதுவும் சாப்பிடக்கூடாது குடிக்கக்கூடாது, ஒரு சின்னக் குழாய்ல கோடு வரைக்கும் துப்பணும், நுரை கணக்குல சேராது. வெறும் ரெண்டு மில்லிதான், ஆனா 84 வயசு வாயில ரெண்டு மில்லி வரவைக்க நாங்க பட்ட பாடு இருக்கே. கன்னத்தை வெளியில இருந்து தடவி விட்டோம், பிடிச்ச பண்டம் பேரா சொல்லி உசுப்பேத்தினோம், அவங்க நடுவுல சிரிச்சு சிரிச்சு நுரையாவே வந்துச்சு. கடைசியில முக்கால் மணி நேரம். பாத்ரூம் வாஷ்பேசின் பக்கத்துல நாலு குழாய் வரிசையா நின்னுச்சு, அம்மாச்சி, அம்மா, நான், அண்ணன்.

அண்ணன் எதுக்குன்னா, அப்பா இப்ப இல்ல. ஒய் குரோமோசோம் அப்பாகிட்ட இருந்து மகனுக்குத்தான் போகும், பொண்ணுகிட்ட அது கிடையவே கிடையாது, அப்பா வழி ஆம்பளைக் கோட்டைப் பிடிக்கணும்னா அண்ணனையோ சித்தப்பாவையோ கெஞ்சித்தான் ஆகணும், நான் அண்ணனைப் பிடிச்சேன். அவன் ஒரு மாசம் சட்டை அயர்ன் பண்ணித் தரணும்னு பேரம் பேசினான். செஞ்சேன், வேற வழி? அதே மாதிரி அம்மாகிட்ட இருந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, 16,569 எழுத்து நீளம்தான், ரொம்பக் குட்டி, அம்மாச்சிகிட்ட இருந்து அம்மா, அம்மாகிட்ட இருந்து நான், என்கிட்ட இருந்து என் பொண்ணுன்னு தொப்புள்கொடி போற வழியிலயே போகும். கேக்க அழகா இருக்குல்ல? ஆனா பத்து தலைமுறை பின்னாடி போனா நமக்கு 1,024 பேர் பாட்டன் பாட்டி இடத்துல நிக்கிறாங்க, அதுல இந்தக் கோடு காட்டுறது ஒரே ஒரு பொம்பளையை. ஒய் காட்டுறது ஒரே ஒரு ஆம்பளையை. மிச்சம் 1,022 பேர் எங்கன்னு கேக்க மறந்துட்டுதான் நிறைய பேர் நான் இன்ன வம்சம்னு சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்குறாங்க.

அந்த மிச்சப் பேரைத் தேடத்தான் இன்னொரு வகை டெஸ்ட், பாக்கி 22 ஜோடி குரோமோசோமையும் பாக்குறது. அம்மா பாதி அப்பா பாதி, அது உறுதி. தாத்தா பாட்டின்னு போனா ஆளுக்கு கால்வாசின்னு சொல்றது சராசரிதான், சீட்டுக்கட்டை கலைச்சுப் போடுற மாதிரி, ஒருத்தர்கிட்ட இருந்து 20 சதவீதம் வரலாம், இன்னொருத்தர்கிட்ட இருந்து 30 வரலாம். அதனாலதான் கூடப் பொறந்த அண்ணனுக்கும் எனக்குமே ரிசல்ட் ஒரே மாதிரி வரல. இன்னும் பின்னாடி போனா, பத்தாவது தலைமுறையில ஏறக்குறைய பாதிப் பேர்கிட்ட இருந்து நம்ம உடம்புல ஒரு துண்டு கூட மிஞ்சியிருக்காது. அவங்க இல்லாம நாம இல்ல, ஆனா டெஸ்ட்ல அவங்க இல்ல. இதைப் படிச்ச அன்னிக்கு நான் சமையல்கட்டுல ஒழுகிற குழாய்க்கு வாஷர் மாத்திக்கிட்டு இருந்தேன், கையில ஸ்பேனரோட அப்படியே தரையில உக்காந்துட்டேன், தண்ணி ஓடினதுகூட தெரியல.

இன்னொரு பக்கம் 30 தலைமுறை கணக்கு போட்டா 107 கோடிக்கு மேல முன்னோர் வர்றாங்க. சுமாரா 750 வருஷம் முன்னாடி உலகத்துலயே 50 கோடி பேர் கிடையாது. அப்புறம் எப்படி? ஒரே ஆள் பல வழியில திரும்பத் திரும்ப நமக்குப் பாட்டனா வர்றாரு, அவ்வளவுதான். கிளை பிரிஞ்சுக்கிட்டே போற மரம்னு நினைச்சா தப்பு, அம்மாச்சி தலையில போடுற பின்னல் மாதிரி பிரியும் சேரும்.

ரிசல்ட் மெயில் வந்துச்சு. எல்லாரும் அம்மா பக்கத்துலதான் ஏதோ வரும்னு காத்திருந்தோம். அம்மாச்சிக்கும் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே நிலப்பகுதி, சப்புன்னு இருந்துச்சு. எனக்கும் அண்ணனுக்கும் வந்ததுல அம்மாவோடதைக் கழிச்சா மிச்சம் அப்பாவோடதுதானே, அங்கதான் மூணு பகுதி கலந்து நிக்குது. கலப்பே இல்லாத ஏழு தலைமுறை! சித்தப்பாகிட்ட சொன்னேன். மெஷின் தப்புன்னாரு. நான் விடுவேனா, ஆனா அவர் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அந்த சதவீதம் எல்லாம் மதிப்பீடுதான், கம்பெனிகிட்ட ஏற்கனவே இருக்குற ஆளுங்களோட டிஎன்ஏவோட நம்மளதை ஒப்பிட்டுப் பாத்து இதுமாதிரி இருக்குன்னு சொல்றாங்க, அங்க யாரோட மாதிரி கம்மியா இருக்கோ அவங்க வழி வந்தவங்களுக்கு கணக்கு மங்கலாத்தான் வரும், பட்டியலைப் புதுப்பிச்சா நம்ம சதவீதமும் மாறும். எங்களுக்கே ஒரு வருஷத்துல ரெண்டு தடவை மாறிடுச்சு, எச்சில் அதேதான். ஆனா மூணு பகுதிங்கிறது மட்டும் ரெண்டு தடவையும் மாறல. ஒரு மாசம் கழிச்சு சித்தப்பாவே போன் பண்ணி, குரலைத் தாழ்த்தி, "அந்த மூணாவது பகுதி யாரு வழியா வந்திருக்கும்"ன்னு கேட்டாரு. அந்த ஒரு போனுக்கே ஒரு மாச அயர்ன் தகும்.

அதுல அப்பா வழியில ஒரு தூரத்துச் சொந்தமும் சிக்கினாரு. ரெண்டு பேருக்குப் பொதுவா எவ்வளவு நீளம் டிஎன்ஏ இருக்குன்னு சென்டிமார்கன்ல சொல்வாங்க, பழ ஈயை வச்சு ஆராய்ச்சி பண்ணி 1933-ல நோபல் வாங்கின தாமஸ் ஹண்ட் மார்கன் பேர்ல வந்த அளவு. அப்பா அம்மாவுக்கும் பிள்ளைக்கும் 3,400 சொச்சம் வரும், கொள்ளுத்தாத்தாவோட அப்பா அம்மா பொதுவா இருக்குற சொந்தம்னா சராசரி 70 சொச்சம். இவர் 68. ஆசையா முடிச்சைப் போட்டோ எடுத்து அனுப்பி, உங்க வீட்லயும் கொடி இப்படித்தான் கட்டுவீங்களான்னு கேட்டேன். எங்க வீட்ல டிரையர் இருக்குங்கன்னு பதில் வந்துச்சு.

ஒரு விஷயம், செய்யணும்னு நினைக்கிறவங்களுக்கு. முதல்ல வீட்ல எல்லாரையும் உக்கார வச்சுப் பேசிடுங்க. ஒருத்தர் துப்பினா மொத்தக் குடும்பமும் துப்பின மாதிரி. 2018-ல கலிபோர்னியால பல வருஷமா சிக்காத ஒரு கொலைகாரனை தூரத்துச் சொந்தக்காரங்க டிஎன்ஏ வழியாத்தான் பிடிச்சாங்க, அவன் டெஸ்டே குடுக்கல. 2023-ல டுவென்டி த்ரீ அண்ட் மீங்கிற டிஎன்ஏ டெஸ்ட் கம்பெனில சுமார் 69 லட்சம் பேரோட தகவல் திருட்டுப் போச்சு, 2025 மார்ச்ல அந்தக் கம்பெனியே திவால் மனு போட்டுச்சு. நாங்க அனுப்பினது அங்க இல்ல, இருந்தாலும் அதைக் கேட்டப்ப ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியில்ல. அப்பான்னு நினைச்சவர் அப்பா இல்லன்னு வந்தா தாங்குவீங்களா, இதையும் முன்னாடியே யோசிங்க.

இப்ப அம்மாச்சி எண்ணிக்கைக்கு வர்றேன். டெஸ்ட்ல அந்த மொழி பேசுற பக்கத்தோட சாயலே இல்ல. முதல்ல நான் மொபைல்ல ரெக்கார்டரைப் போட்டு முன்னாடி வச்சு, கேள்வி எழுதிக்கிட்டு பேட்டி மாதிரி கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருந்தோம்." ஒரே பதில். ஏழு கேள்விக்கும். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கூட உக்காந்து துணி மடிச்சேன், போர்வையை ஆளுக்கு ஒரு முனை பிடிச்சு உதறி கிட்ட வந்து தூரப் போய் மடிக்கணும்ல, அந்த நேரத்துல முகத்தைப் பாத்துப் பேச வேண்டியதில்ல, கைக்கு வேலை இருக்கு, வாய் தானா வருது. உங்க அம்மா இப்படித்தான் எண்ணுவாங்களான்னு கேட்டேன்.

"எந்த அம்மாவைக் கேக்குற?"

போர்வை கையில அப்படியே நின்னுச்சு. பெத்தவங்க அம்மாச்சிக்கு மூணு வயசுல செத்துட்டாங்களாம். பக்கத்து வீட்ல ஒரு அம்மா, வேற மொழி, வேற சாமி, பிள்ளை இல்லாதவங்க, அவங்க தூக்கிட்டுப் போய் வளத்திருக்காங்க, ஒன்பது வயசு வரைக்கும். அப்புறம் சொந்தக்காரங்க வந்து கூட்டிட்டு வந்துட்டாங்க. அந்த வீட்ல துணி எண்ணித்தான் எண்ணவே கத்துக்கிட்டாங்களாம், இருபது வரைக்கும். அதுக்கு மேல கத்துக்குறதுக்குள்ள பிரிச்சாச்சு. அதனால இன்னிக்கும் இருபது வந்தா திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறாங்க, அதை நான் கவனிச்சதே இல்ல. ஏன் அம்மாச்சி இத்தனை வருஷம் சொல்லலன்னேன். "சொல்லலன்னு யாரு சொன்னா, தினம் கொடியில சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்"ன்னாங்க.

அந்த அம்மாவை எங்க வம்சாவளியில எங்க வைக்கிறதுன்னு அன்னிக்கு ராத்திரி உக்காந்தேன். குடும்ப மரம் போடுற சாஃப்ட்வேர்ல பெரும்பாலும் 1984-ல வந்த ஜெட்காம்ங்கிற கோப்பு வடிவம்தான் ஓடும், அதுல பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் நடுவுல இருக்குற கோட்டை அமுக்கினா பெற்ற, தத்து, வளர்ப்புன்னு தேர்ந்தெடுக்க வழி இருக்கு. வளர்ப்புன்னு போட்டேன். பேர் கேட்டுச்சு. அம்மாச்சிக்கு அவங்க பேர் தெரியாது, அம்மான்னுதான் கூப்பிட்டிருக்காங்க, அதே மொழியில. அந்தச் சொல்லையே பேரா அடிச்சு சேவ் பண்ணிட்டேன். பழைய போட்டோ ஒண்ணு இருந்துச்சு, ஓரத்துல ஒரு புடவை முந்தானை மட்டும் தெரியும், அது அவங்களாத்தான் இருக்கணும்கிறாங்க. பின்னாடி மெல்லமா பென்சில்ல எழுதி வச்சேன், பேனாவுல எழுதினா முன்பக்கம் தடம் விழும், மை ஊறும், பழைய போட்டோ வச்சிருக்கவங்க இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

என் பொண்ணு இப்ப இருபது வரைக்கும் கத்துக்கிட்டா, அண்ணன் அவளுக்கு முடிச்சும் சொல்லிக் குடுத்துட்டான் (எனக்கு இன்னும் இல்ல). போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணினாங்க. ரெண்டு இருபதும் ஏழும் வரணும், ரெண்டு இருபதும் ஆறும்தான் வந்துச்சு. அண்ணனோட ஒத்தை சாக்ஸ். வாஷிங் மெஷின் உள்ள, கட்டிலுக்கு அடியில, பக்கத்து வீட்டு மாடியில எல்லாம் தேடியாச்சு, நான் இங்க கிளம்பி வர்றப்பவும் அம்மாச்சி அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தாங்க.

வர்றேன், வணக்கம்.