பகலில் பக்கம் பார்த்துப் பேசு

(சேலத்தில் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மேட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, வரவேற்புரையிலேயே என் உரையில் பாதியைப் பேசி முடித்துவிட்ட வழக்கறிஞர் தம்பி அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்றதும் வெண்பட்டுத் துண்டு போர்த்திய செவ்வாய்ப்பேட்டை வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். போன கூட்டத்தில் விடுபட்டவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கைப்பேசி வழியே அரசு நம்மைப் பின்தொடர்வது பற்றி மூன்று செய்திகள்: கருவி எப்படிக் காட்டிக்கொடுக்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, வெளிநாட்டில் என்ன செய்தார்கள்.

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்றார்கள். இன்று பக்கத்தில் யாருமில்லை. ஆள் சட்டைப் பையில் இருக்கிறான். ஏற்காடு அடிவாரத்தில் பஸ் ஏறுகிறீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் போன் அவ்வப்போது அருகிலுள்ள டவருக்குத் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே போகிறது. மலையில் டவர் குறைவு, ஆகவே சில கிலோமீட்டருக்குள் எங்கோ என்றுதான் தெரியும். ஊருக்குள் ஐந்து ரோடு சந்திப்பில் டவர்கள் நெருக்கம்; தெரு வரைக்கும் தடம் வந்துவிடும். யாரோடு, எப்போது, எந்த டவரிலிருந்து பேசினோம் என்ற பதிவை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021இல் நிறுவனங்களின் உரிம விதியைத் திருத்தினார்கள்.

ஒட்டுக்கேட்பது புதிதா என்பீர்கள். வெளியூர் அழைப்பை ஆள் இணைத்துக் கொடுத்த ட்ரங்க் கால் காலத்து ஆபரேட்டர் நான். ஊர் பெயர் வேண்டாம். மாம்பழப் பருவத்தில் ஒரு மண்டிக்காரர் தினமும் பம்பாய்க்கு அர்ஜென்ட் கால் போடுவார். அவர் பேசிய விலை மறுநாள் காலை எதிர் மண்டிக்குத் தெரிந்துவிடும். எங்கள் போர்டில் ஒருவருக்குக் காது நீளம், நாக்கும் நீளம். மண்டிக்காரர் சத்தம் போடவில்லை. ஒரு நாள் போனில், "நாளை மல்கோவா விலை பாதியாகிவிடும், இருப்பதையெல்லாம் தள்ளிவிடு" என்றார். விடிந்ததும் எதிர் மண்டிக்காரர் கூடை கூடையாக அடிமாட்டு விலைக்குத் தள்ளினார். மூன்றாம் ஆள் வைத்து அத்தனையையும் வாங்கியவர் யார்? நம் ஆள்தான்! மாலையில் ஒரு கூடை பழத்தோடு எக்ஸ்சேஞ்சுக்கு வந்து மேசைமேல் வைத்தார். "காதுக்கு" என்றார், போய்விட்டார். அந்த ஆபரேட்டர் அந்தப் பருவம் முழுதும் மாம்பழம் தொடவில்லை. அன்றைய காதுக்கு ஒரு முகம் இருந்தது, கூசவும் தெரிந்தது. இன்றைய காதுக்கு யார் கூடை கொண்டுபோவது?

சட்டத்துக்கு வருகிறேன். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை வைத்துத்தான் இவ்வளவு காலம் ஒட்டுக்கேட்டார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: உள்துறைச் செயலரின் ஆணை வேண்டும், மறுஆய்வுக் குழு வேண்டும் என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் பேச்சைக் கேட்கத்தான் அந்தக் கெடுபிடி. அழைப்புப் பதிவையும் டவர் தடத்தையும் காவல்துறை எழுத்தில் கேட்டு வாங்கலாம். நீதிபதி கையெழுத்து கட்டாயமில்லை.

மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகளை மத்திய அரசு பிறப்பித்தது என்ற கணக்கு நமக்கு எப்படித் தெரியும்? 2013இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்குக் கிடைத்த பதிலால்! இங்கேதான் என் வழக்கமான பாட்டைப் பாடப் போகிறேன். முன்வரிசை சிரிப்பது தெரிகிறது. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவையும் வெட்டிவிட்டது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்ற வாசகம் அந்தப் பிரிவில் இப்போது இல்லை. நம் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்று சொல்லி அதிகாரியின் கோப்பை மூடிவிட்டார்கள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பது நமக்கு. அவர்களைப் பார்க்க நமக்குப் பக்கமே இல்லை.

மூன்றாவது செய்தி, 2018இல் ஒருவரின் 127 நாள் போன் தடத்தைப் போலீஸ் எடுத்த வழக்கில், அதற்கு நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய பிரிவை மீட்கக் கோரும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். போன் நம்பர் வேண்டாம்.