கால்சியம் மாத்திரை: எப்போது, எதனோடு?

நேயர்களுக்கு வணக்கம்.

கால்சியம் மாத்திரை என்றதும் எல்லோரும் கேட்பது 'எத்தனை மில்லிகிராம்?' என்றுதான். எந்த நேரத்தில், எந்த மருந்தோடு என்று கேட்பவர்கள் குறைவு. மாத்திரை வீணாகிப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அளவை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அட்டையின் பின்புறம் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று இருந்தால், அதில் உள்ள கால்சியம் 40 சதவீதம், அதாவது 500 மி.கி. சிட்ரேட் வகையில் 21 சதவீதம்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அது முழுவதும் மாத்திரையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. 200 மில்லி டம்ளரில் இரண்டு டம்ளர் பால், 50 கிராம் கேழ்வரகு மாவில் ஒரு களி அல்லது கூழ் என்றாலே 600 மி.கி.யைத் தாண்டிவிடும். மீதிக்குத்தான் மாத்திரை.

குடல் ஒரு வேளைக்கு 500 மி.கி. வரைதான் நன்றாக உறிஞ்சும். காலை மறந்துவிட்டோமே என்று இரவில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும்தான் மிச்சம். கார்பனேட் கரைய இரைப்பையில் அமிலம் சுரக்க வேண்டும். ஆகவே சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே போடுங்கள். நெஞ்செரிச்சலுக்கு பேன்டோபிரசோல் போன்ற மாத்திரையை நீண்ட நாளாக எடுப்பவர்களுக்கு அந்த அமிலமே குறைந்திருக்கும். அவர்களுக்கு சிட்ரேட் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

இனி நேர விஷயம். கர்ப்பிணிகளுக்கு நான்காவது மாதத்திலிருந்து தினம் இரண்டு கால்சியம் மாத்திரையும், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் சுகாதார நிலையத்தில் தருகிறார்கள். இரண்டும் ஒரே பையில் வருவதால் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கால்சியம், இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். ரத்தசோகை தீராததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். காலை, மதியம் சாப்பாட்டோடு கால்சியம், இரவில் இரும்பு.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டால், எட்டு மணி இட்லியோடு கால்சியம் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள். மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போயும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு அளவு இறங்கவில்லை என்றால் இந்த நேரக்கணக்கையும் பார்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளையும் கால்சியம் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தச் சில நாட்களுக்குக் கால்சியத்தை நிறுத்தலாமா என்று மருந்து எழுதித் தருபவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று, வைட்டமின் டி 60,000 யூனிட். அதை வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்றுதான் எழுதுவார்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து தினமும் சாப்பிட்டுவிடுவது உண்மையிலேயே ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், முதியவர்களிடம் திடீர்க் குழப்பம் தெரிந்தால் இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோயாளிகள், டிகாக்சின் என்ற இதய மாத்திரை அல்லது தையசைடு வகை நீர் மாத்திரை எடுப்பவர்கள் மருந்துக்கடையில் தாங்களாகக் கால்சியம் வாங்க வேண்டாம்.